அருந்ததி என்றொரு படகு

"மொத்தம் ஒன்பது அருந்ததி, வாத்யாரே," என்று சொல்லிக்கொண்டே வேலு படியேறி வந்தான். நனைந்த துண்டை ஜன்னல் கம்பியில் உதறிப் போட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தான். "லஸ் முனையில அருந்ததி கூந்தல் தைலம். மாம்பலத்துல அருந்ததி நிலையம், வூட்டுக்கு இன்னும் கூரை போடல, பேரு மட்டும் போட்டாச்சு. மந்தைவெளியில நாடகக் கம்பெனி ஒண்ணு, அதுல அருந்ததி வேசங்கட்றவனுக்கு மீசை கீது. கோயில் தொழுவத்துல ஒரு பசு. அது முட்டும்."

மீதி ஐந்தும் இதே ரகம். பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் இரண்டு பேர், ஒரு மாதர் சங்கம், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை, கிண்டியில் எப்போதும் கடைசியாக வரும் ஒரு குதிரை. வேலு ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டியவன். மோட்டார் பஸ்கள் வந்தபின் குதிரையை விற்றுவிட்டான், குதிரைக்காரனின் வாயை மட்டும் விற்கவில்லை. இப்போது பாண்டுரங்கனுக்கு உதவியாள்.

போலீஸ் ஸ்டேஷனில் பதினைந்து வருஷம் எழுத்தராக இருந்து விலகிய பாண்டுரங்கன், லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் மனைவி சுலோச்சனா இறந்தபின் அந்த அறையே அவருக்கு வீடும் ஆயிற்று. வேலுவின் பட்டியலை அவர் மேஜையில் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்பு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனிதர் அழுததை அவரால் மறக்க முடியவில்லை.

அந்த மனிதர் கல்யாணராமன், மயிலாப்பூரில் பள்ளி உபாத்தியாயர், முப்பது வயது. போன வருஷம், 1934 கார்த்திகையில், அவர் மனைவி அருந்ததி விடியற்காலையில் கோயிலுக்கு என்று பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செம்பு மறுநாள் சாந்தோம் மணலில் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து அதைக் கொளுத்திக் காரியங்களை முடித்தார்கள். வைகாசியில் அம்மாவின் பிடிவாதத்துக்குக் கட்டுப்பட்டு ஜானகி என்ற பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது வருஷம் திரும்பிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அருந்ததிக்கு வருஷத் திதி. மனசு கேட்காமல் அவர் கடற்கரைக்குப் போயிருக்கிறார். அங்கே மணலில் ஏற்றி வைத்திருந்த புதுப் படகு ஒன்றில் வெள்ளை எழுத்தில் 'அருந்ததி' என்று இருந்தது. படகுக்காரனிடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. நேரே இங்கே வந்துவிட்டார்.

"செத்தவளுக்குத் திதி கொடுக்காம விட்டா பாவம் சார். உசிரோட இருக்கறவளுக்குக் கொடுத்தா அதைவிடப் பாவம். எந்தப் பாவம் என்னோடதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ." அவர் கேட்டது அவ்வளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஊரு பூரா இருக்கற பேரு வாத்யாரே," என்றான் வேலு. "அம்மி மிதிச்சவன் எல்லாம் அருந்ததி பாத்தவன். பொண்ணு பொறந்தா வக்கிறான், எண்ணெய் காய்ச்சினா வக்கிறான். படகுக்கு வச்சா மட்டும் துப்பா?"

"படகுக்காரன் பேர் விசாரிச்சியா?"

"மிக்கேலு. கழுத்துல சிலுவை கீது."

"அதான். உன் பட்டியல்ல இருக்கற ஒன்பதுக்கும் பேர் வைச்சவங்க அருந்ததி யாருன்னு தெரிஞ்சு வைச்சிருக்காங்க. மாதா கோயில் ஜெபம் சொல்றவன் படகுக்கு மாதா பேர் வைப்பான், அந்தோணியார் பேர் வைப்பான். வசிஷ்டர் சம்சாரத்தோட பேரை அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும்."

வேலு ஈரத் துண்டை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டான்.

மயிலாப்பூர்க் குளத்துக்கும் சாந்தோம் குப்பத்துக்கும் நடுவே அரை மைல் இருந்தால் அதிகம். அந்த அரை மைலை இருவரும் மழைத் தூறலில் நடந்தார்கள். மிக்கேல் படகின் மறைவில் குந்தி வலை பின்னிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது, உப்புக் காற்றில் சிவந்த கண்கள். போலீஸோ என்று முதலில் முறைத்தான். வேலு அவனிடம் ஒரு பீடி வாங்கி, பதிலுக்குத் தன் வெற்றிலையைக் கொடுத்து, மழையைத் திட்டி, கடைசியில் படகுக்குப் பேர் அழகாயிருக்கிறது என்று சொன்னான். அதற்குப் பிறகு மிக்கேலை நிறுத்த வேண்டியிருந்தது.

ஆரோக்கிய மாதா என்றுதான் வைக்கலாமென்றிருந்தானாம். ஐயரம்மா சொல்லித்தான் இந்தப் பேர். படகை மந்திரிக்க வந்த மாதா கோயில் சாமியார்கூட, இது எந்த அர்ச்சிஷ்டவள், எந்தப் புனிதவதி என்று கேட்டிருக்கிறார். "நான் சொன்னேன், புருசனை வுட்டுப் பிரியாத ஒரு பொம்பளை, சாமி. வானத்துலயே பக்கத்துல நிக்கிதாம். அவுரு ஒண்ணும் சொல்லல, தண்ணி தெளிச்சிட்டுப் பூட்டாரு."

பாண்டுரங்கன் மணலில் உட்கார்ந்தார். ஐயரம்மா யார் என்று கேட்டார்.

மிக்கேல் வலையைக் கீழே வைத்துவிட்டுக் குடிசைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். மரியசெல்வம் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். போன கார்த்திகையில் ஒரு நாள் முழுவதும் மணலில் உட்கார்ந்தே இருந்த ஒரு பெண்ணை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இன்னும் சில நாள்தான் எனக்கு, அதுவரைக்கும் இங்கே இருந்துவிட்டுப் போகட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாளாம். சீக்கு என்று இவர்கள் நினைத்தார்கள். முதலில் தனியாக ஒரு சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். மார்கழியில் கிறிஸ்துமஸ் வந்ததும் அந்தச் சட்டியையும் மறந்துவிட்டு இவர்களோடு உட்கார்ந்தாள். பேரைக் கேட்டால் சொல்லமாட்டாள். புருஷன் பேரை அவள் வாயால் சொல்வதே இல்லை. அதனால் எந்த வீடு, எந்தத் தெரு என்று கடைசிவரை இவர்களுக்குத் தெரியாது.

"யாரும் தேடி வரலியா?" என்றார் பாண்டுரங்கன்.

"வந்தாங்க. தண்ணியில தேடினாங்க," என்றாள் மரியசெல்வம். "கரையில யாரும் கேக்கல."

கேட்டிருந்தாலும் மரியசெல்வம் சொல்லியிருக்கமாட்டாள். மாதாமேல் சத்தியம் வாங்கியிருந்தாள் அந்தப் பெண். ஏன் இப்படி ஒளிகிறாய் என்று ஒரு நாள் மரியசெல்வம் சண்டை போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் வைகாசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டினார்கள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது. இவளுக்கு மட்டும் தெரியவில்லை. அருந்ததி தெரியாதவர்களுக்கு ஆறு மாசம்தான் ஆயுசு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவளும் அதைச் சின்ன வயசிலிருந்து கேட்டவள்தான். வைகாசியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். கார்த்திகை வந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"சாவறதா இருந்தா புருசன் ஊட்டுல சாவறதுதானேன்னு கேட்டேன்," என்றாள் மரியசெல்வம். "அதுக்கு அது சொல்லிச்சி, அவுரு தம்பி ஜுரத்துல செத்தப்ப மூணு மாசம் பக்கத்துல குந்திக்கினு பாத்தாராம். இன்னொரு சாவைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லேன்னு சொன்னாராம். அத்த மனசுல வச்சிக்கினு வந்துட்டுது."

வேலு பீடியை மணலில் குத்தி அணைத்தான்.

பாண்டுரங்கன் சுலோச்சனாவின் கடைசி மாசத்தை நினைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத் தவிர இப்போது அவர் கையில் மிச்சம் எதுவும் இல்லை. அதையும் ஒருவரிடமிருந்து ஒருவர் அன்பினால் பிடுங்கிக்கொள்ள முடியுமா என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார். மிக்கேலின் முகம் மலர்ந்தது. மாதா புதுமை செய்தாள், அற்புதம் நடந்தது என்றான். தினம் பொழுது சாய்ந்ததும் அவள் வடக்கே பார்த்து நிற்பாளாம். அவனும் விரல் நீட்டிக் காட்டுவானாம், கட்டுமரத்தில் போகிறவனுக்குத் தெரியாத நட்சத்திரமா. அவளுக்குத் தெரியாது. அவன் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். சித்திரையில் ஒரு நாள் மாலை அவள் மணலில் ஓடி வந்து தெரியுது தெரியுது என்று அழுதாள். அன்றைக்கே படகுக்கு அந்தப் பேர் முடிவாயிற்று.

பாண்டுரங்கன் மரியசெல்வத்தைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூரத்துல நிக்கற ஆட்டை அந்தம்மா எப்பவாவது நாய்னு நெனச்சு விரட்டினதுண்டா?" என்று கேட்டார்.

மரியசெல்வம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். "ரெண்டு தபா. அரிசியில கல்லு பொறுக்கணும்னா மொறத்தை மூஞ்சிக்கிட்ட வச்சிக்கும். என்னைக்கூட குரலை வச்சித்தான் யாருன்னு சொல்லும்."

"அன்னிக்கு அவங்களை எங்கே கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். லஸ்ஸில் கண்ணாடி விற்கிற பாயிடம் என்று மெதுவாகச் சொன்னாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து அத்தனை சந்தோஷமாக நின்றவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். மிக்கேல் கொஞ்சநேரம் யோசித்தான். கண்ணாடிக் கடைக்கு வழி காட்டியதும் மாதாதான் என்று தீர்மானித்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டான்.

பாண்டுரங்கன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

புருஷனும் பெண்சாதியும் ஒரே சமயத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா சார் கேக்கறே?" என்றான் மிக்கேல். "படகு மந்திரிக்கறதைப் பாத்துட்டுத்தான் போவேன்னிச்சி, அந்த வாரமே வைகாசி வெள்ளிக்கெழமை ஊட்டுக்குப் போயிடுச்சே. புருசன்கிட்ட. ஆறு மாசமாவுது. இன்னும் போய்ச் சேரலியா?"

வைகாசி வெள்ளிக்கிழமை. பாண்டுரங்கன் சட்டைப்பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கல்யாணராமன் ஜானகிக்குத் தாலி கட்டிய நாள் அதில் எழுதியிருந்தது, அவருக்கு மனப்பாடமாகவும் இருந்தது.

இருவரும் லஸ்ஸுக்குத் திரும்பி நடந்தார்கள். கண்ணாடி விற்கும் பாய் மெஹபூப் பாஷாவின் கடை வாசலுக்கு வந்ததும் வேலு கையை நீட்டினான். வாசலில் அருந்ததி கூந்தல் தைலத்தின் தகரப் பலகை ஆளுயரத்துக்கு நின்றது. "ஒன்பதுல ஒண்ணு, வாத்யாரே," என்றான்.

மெஹபூப் பாஷா வெள்ளைத் தாடியைக் கோதியபடி அந்தப் பெண்ணை உடனே நினைவுகூர்ந்தார். நான்கு பாஷையில் எழுத்துப் பலகை வைத்திருக்கிறார், மேல் வரிசையிலிருக்கும் எழுத்து பூசணிக்காய் பருமன். அதையே அவளுக்குப் படிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் எப்படி நடமாடினாய் என்று கேட்டபோது, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன் என்றாளாம். ஆறு மாசம் தாண்டியும் சாவு வரவில்லையே, எப்போது வரும் என்று மீன்காரியோடு வந்து நின்று தன்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்றார்.

"நான் சொன்னேன், பேட்டி, என் மகளே, உனக்கு வந்திருக்கறது மவுத் இல்லே, மைனஸ் அஞ்சு. எவ்ளோ சிரிச்சா தெரியுமா. சிரிச்சுக்கிட்டே அழுதா."

ஒரு மாசம் கழித்து, வைகாசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், தளர்ந்த கம்பியை முடுக்கிக்கொள்ள மறுபடி வந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வீட்டுக்குப் போகிறேன் பாய், முதலில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், பார்த்ததே இல்லை என்றாளாம். வாசலில் நின்ற ஜட்காவில் அவர்தான் ஏற்றிவிட்டார். ஜட்காக்காரன் குலாம் ரசூல்.

வேலு அவரைப் பேசி முடிக்க விடவில்லை. ரசூலும் அவனும் பத்து வருஷம் ஒரே தண்ணீர்த் தொட்டியில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியவர்கள். பாண்டுரங்கனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடினான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். கதையை அவன் சொன்ன விதத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஜட்காவில் ஏறியதிலிருந்து அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசினாளாம். ஒவ்வொரு கடைப் பலகையையும் சின்னக் குழந்தைபோல் உரக்கப் படித்தாள். கிளம்பும்போதே இந்த வாசலிலிருக்கும் தைலப் பலகையைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னாள். "என் பேரை எவ்வளவு பெரிசா எழுதியிருக்கா பாருங்கோ" என்று ரசூலிடம் காட்டினாள்.

"அவதான், வாத்யாரே. வேற அருந்ததி இல்ல."

மயிலாப்பூரில் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் விசாரித்தபோது, எல்லோரும் மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகப் புதிதாகக் குடிவந்தவர்கள் சொன்னார்கள். யார் கல்யாணம் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நல்ல நாளில்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் மாம்பலத்துக்கு விடச் சொன்னாள். அங்கே புதிதாக மனை பிரித்த ஒரு தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டமாயிருந்ததால் ரசூல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினான். அப்போது விளக்கு வைத்து ஒரு நாழிகை ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். மாம்பலம் ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் எந்தப் பலகையையும் படிக்கவில்லை. தாம்பரம் பக்கம் போகிற ரயிலில் அவள் ஏறியதை ரசூல் பார்த்தான்.

"பந்தல்ல இன்னா நடந்துச்சின்னு அவனுக்குத் தெரியாது," என்றான் வேலு.

"தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க," என்று பாண்டுரங்கன் எழுந்தார்.

கல்யாணராமனின் வீட்டில் அம்மா கோயிலுக்குக் கதை கேட்கப் போயிருந்தாள். கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். அதில் இருந்தவள் எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். படம் எடுத்தவன் உள்பட யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். ஜானகி கதவோரம் நின்றாள், பதினெட்டு வயதுக்கு மேல் சொல்லமுடியாது. வெள்ளிக்கிழமைத் திதிக்குப் புரோகிதர் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பவேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கல்யாணராமன் முகத்தில் இருந்த ஒரே கேள்வி.

பாண்டுரங்கன் அதற்குப் பதில் சொல்லாமல், கல்யாணத்தன்று தெரியாத பெண்மணி யாராவது வந்திருந்தாளா என்று கேட்டார். யாரும் இல்லை என்றார் கல்யாணராமன். அவர் நிச்சயமாகத்தான் சொன்னார்.

பாண்டுரங்கன் கதவுப் பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னிக்கு உங்களுக்கு அருந்ததி காட்டினது யாரு?"

"இவர்தான்," என்றாள் ஜானகி. பிறகு தரையைப் பார்த்தாள். "இவர்தான் காட்டணும். தெருவுக்கு அழைச்சுண்டு வந்தா. இவர் வடக்கே கையை நீட்டினார். நேக்கு எதுன்னு தெரியலை. தெரிஞ்சுதுன்னு சொல்லும்மான்னு வாத்தியார் அவசரப்படுத்தினார். பொய் சொல்ல மனசு வரலை. அப்போ பக்கத்துல ஒரு மாமி வந்து நின்னா. மூக்குக் கண்ணாடி போட்டுண்டிருந்தா. எங்காத்துக் கூட்டத்துல யாரோன்னு நெனச்சேன். இவாத்து மனுஷின்னு எங்க மனுஷா நெனச்சிருப்பா, இவாத்துக் கூட்டமெல்லாம் உள்ளே பந்தியில இருந்தா."

"என்ன சொன்னா?"

"மொதல்ல ஒண்ணும் சொல்லலை. இவரையே பார்த்துண்டு நின்னா. ஒரு ஜாண் தூரம்கூட இருக்காது. இவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துண்டிருந்தார். அப்புறம் என் மோவாயைப் பிடிச்சுத் திருப்பினா. சப்தரிஷி ஏழுல கடைசிக்கு முந்தினது தெரியறதா, அதை ஒட்டிண்டு சின்னதா ஒண்ணு, அதான்னா. நேக்குத் தெரிஞ்சுது. தெரியறதான்னு மறுபடியும் கேட்டா. தெரியறதுன்னேன். 'நன்னாப் பார்த்துக்கோ. நீ தீர்க்காயுசா இருப்பே'ன்னா. கை ஜில்லுனு இருந்தது. திரும்பிப் பார்த்தா காணும்."

பாண்டுரங்கன் மிக்கேலின் குடிசையிலிருந்து தாம்பரம் ரயில்வரை எல்லாவற்றையும் அப்போது சொன்னார். முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னார். தம்பி இறந்தபோது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். உண்மையைக் கேட்டு வந்தவரிடம் பாதியைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அதையும் சொன்னார்.

கல்யாணராமன் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசியது யாரிடம் என்று தெரியவில்லை.

"எங்க கல்யாணத்துல வாத்தியார் வடக்கே கை நீட்டுன்னார். நீட்டினேன். தெரிஞ்சுதான்னு அவளைக் கேட்டேன். தெரிஞ்சுதுன்னா. ரெண்டாம் கல்யாணத்துலயும் அதே கையைத்தான் நீட்டினேன்." அவர் நிறுத்தினார். "நேக்கு அது எதுன்னு தெரியாது சார். வானத்துல எத்தனையோ இருக்கு. ஒரு நாளும் நான் அருந்ததியைப் பார்த்ததில்லை. ஏழு வருஷமாச்சு. நான் சாகலையே. இதை அவளண்ட ஒரு தரம் சொல்லியிருந்தேன்னா..."

வேலு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஜானகி கதவோரத்தை விட்டு வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றினாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மாமியார் வந்து கேட்டால் என்ன சொல்வாள் என்று பாண்டுரங்கன் நினைத்தார். அவளும் அதை நினைத்திருக்கவேண்டும், முகம் வெளுத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வரவேண்டாம்னு நான் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிடறேன்," என்றாள். "நீங்க அவாளைத் தேடுங்கோ. தாம்பரமோ, அதுக்கு மேலேயோ, எங்கே இருந்தாலும் தேடுங்கோ. கிடைச்சா இவரை அழைச்சுண்டு போகவேண்டாம். என்னை அழைச்சுண்டு போங்கோ. இவருக்கும் தெரியாதுங்கறதை அவாளுக்கு நான்தான் சொல்லணும்."